ஓட்டிசம் உடைய இளையோரின் தொழில் வாழ்வு: கணினி செய்யக்கூடியதும் குடும்பம் செய்ய வேண்டியதும்

ஒன்ராறியோ மாகாணத்தில் சிறப்புக் கல்வி பெறும் மாணவர் ஒருவர் 21 வயது வரை உயர்நிலைப் பாடசாலையில் கற்க முடியும். அந்த வயது கடந்த பின் வருகின்ற செப்டெம்பர் மாதத்தில் வீட்டு வாசலுக்கு மஞ்சள் நிறப் பாடசாலைப் பேருந்து வருவதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியர், உதவியாளர், பேச்சுப் பயிற்சியாளர், தனியாள் கல்வித் திட்டம் என ஒழுங்கமைக்கப்பட்டிருந்த வாழ்க்கை ஒரே கோடை விடுமுறைக்குள் கலைந்து போகின்றது. ஒன்ராறியோ ஓட்டிசத் திட்டமோ அதற்கு முன்னரே, 18 வயதுடன், முடிந்துவிடுகின்றது. வளர்ந்தோருக்கான வளர்ச்சிக் குறைபாட்டுச் சேவைகளுக்கு 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம் என்றாலும் நிதி கைக்கு வர நீண்ட காலம் காத்திருக்க வேண்டியுள்ளது. அறிவாற்றல் குறைபாடு இல்லாத ஓட்டிசம் உடையோருக்கு அச்சேவை பெரும்பாலும் கிடைப்பதேயில்லை.

1980களின் இறுதியிலும் 1990களிலும் ரொறன்ரோ பெரும்பாகத்திற்கு வந்து குடியேறிய ஈழத்தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகளில் ஓட்டிசம் உடையோர் பலர் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ளனர். தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும் இந்நிலைக்கு அக்காலத்தில் பெற்றோரிடம் ஒரு சொல்லே இருக்கவில்லை. "பேச்சுக் கொஞ்சம் பிந்துது" என்பதே உறவினருக்குக் கூறப்பட்ட விளக்கம். 2008 ஆம் ஆண்டில் கீதா மூர்த்தி அவர்கள் ஸ்காபரோவில் தெற்காசிய ஓட்டிச விழிப்புணர்வு நிலையத்தை ஆரம்பித்த பின்னரே பல குடும்பங்கள் தம் மொழியறிந்த ஒருவரிடம் இதனைப் பேச முடிந்தது. சிறுவர்களுக்கான பயிற்சி பற்றி அன்று கேட்ட பெற்றோர் இன்று வேறொரு கேள்வியைக் கேட்கின்றனர். பிள்ளை வளர்ந்துவிட்டது, பெற்றோர் ஓய்வு பெறும் வயதை நெருங்குகின்றனர், இனி இப்பிள்ளை என்ன வேலை செய்யும், யாருடன் வாழும் என்பதே அக்கேள்வி.

கேள்வி தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. 2017 ஆம் ஆண்டின் கனடிய மாற்றுத்திறனாளர் மதிப்பீட்டின்படி ஓட்டிசம் உடைய வளர்ந்தோரில் 33 வீதத்தினரே வேலையில் இருந்தனர். குறைபாடு எதுவும் இல்லாதோரில் அது 79 வீதம். 2019 ஆம் ஆண்டின் சிறுவர் உடல்நல மதிப்பீடு 1 முதல் 17 வயது வரையான கனடியச் சிறுவரில் ஐம்பது பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உடையவர் எனக் கண்டது. அச்சிறுவர்கள் ஆண்டுதோறும் பாடசாலையை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கின்றனர்.

வேலை கிடைக்காமைக்குத் திறமையின்மையே காரணம் எனக் கருதுவது தவறு. பெரும்பாலான இடங்களில் தடையாக நிற்பது நேர்முகத் தேர்வு என்னும் அரை மணித்தியாலமாகும். "உங்களைப் பற்றிக் கூறுங்கள்" என்ற முதற் கேள்வியே ஓட்டிசம் உடைய ஒருவரைத் திணறடிக்கப் போதுமானது. எதைப் பற்றிக் கூறுவது? பிறந்த இடத்தையா, பிடித்த உணவையா, படித்த பாடத்தையா? கண்ணைப் பார்த்துப் பேசுதல், காலநிலை பற்றிய முகமன் உரையாடல், கேள்விக்குள் மறைந்திருக்கும் மற்றொரு கேள்வியை ஊகித்தல் ஆகியவற்றிற்கே அங்கு புள்ளிகள் வழங்கப்படுகின்றன. பண்டகசாலையில் பொருட்களைத் தவறின்றி அடுக்கும் வேலைக்கும் இவற்றிற்கும் என்ன தொடர்பு என்பதை எந்த நிறுவனமும் விளக்குவதில்லை.

இவ்விடத்திலேயே இணையவழிக் கருவிகள் உதவிக்கு வருகின்றன. வட கரோலைனாவில் உருவான டூ ரு லேர்ன் என்னும் இணையத்தளத்தின் ஜொப்ரிப்ஸ் பகுதி, தனக்குப் பொருந்தும் வேலையை அறிதல், வேலை தேடுதல், வேலையைப் பெறுதல், வேலையைத் தக்க வைத்தல் என்ற ஒழுங்கில் அமைந்தது. ஒவ்வொரு படியும் படங்களாலும் சிறு காணொளிகளாலும் விளக்கப்படுகின்றது. 2013 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் 16 முதல் 19 வயது வரையான 22 இளையோர் பங்குபற்றினர். ஜொப்ரிப்ஸ் மூலமும் கணினியில் உருவாக்கப்பட்ட மெய்நிகர் அறையிலும் பயிற்சி பெற்றவர்கள், பயிற்சி பெறாதோரைக் காட்டிலும் நேர்முகத் தேர்வில் பொருள் பொதிந்த விடைகளை அளித்தனர் என்பது அதன் முடிவு. சிக்காகோவின் நோர்த்வெஸ்ரேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில் மொலி போர்ட்டர் என்னும் கற்பனை அதிகாரி கணினித் திரையில் தோன்றி வினவுகின்றார். பயிற்சி பெறுபவர் வாய்திறந்து விடை கூற வேண்டும். விடைக்கேற்ப மொலியின் முகமும் குரலும் மாறும். முடிவில் புள்ளிகள் கிடைக்கும். பிழைத்தால் வெட்கப்பட வேண்டியதில்லை, மறுபடியும் தொடங்கலாம். இருபது தடவை கேட்டாலும் மொலி சலித்துக்கொள்வதில்லை. (பெற்றோருக்கோ அண்ணன் அக்காமாருக்கோ இப்பொறுமை வாய்ப்பது அரிது.) ஆறு மாதங்களின் பின்னர் விசாரித்தபோது, இவ்வாறு பழகியவர்கள் வேலையோ தொண்டர் பணியோ பெற்றிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. இவை சிறு எண்ணிக்கையினரைக் கொண்ட ஆய்வுகள். இவற்றை வைத்துப் பெரும் முடிவுகளுக்கு வர இயலாது. ஆயினும் இழப்பதற்கு எதுவுமில்லாத பயிற்சி இது.

வேலை பெறுவதைவிட அதனைத் தக்க வைப்பதே கடினம் என்பதை இத்துறையில் பணியாற்றுவோர் அறிவர். வேலையைப் பிழையின்றிச் செய்பவர்கூட மதிய உணவு நேரத்து அரட்டையாலும், முன்னறிவித்தலின்றி மாற்றப்பட்ட நேர அட்டவணையாலும், மேலாளரின் கேலியை உண்மையெனக் கொண்டதாலும் வேலையை இழந்துவிடுகின்றார். இதற்குரிய கருவிகள் மிக எளியவை. பெரும்பாலும் கைத்தொலைபேசியில் ஏற்கெனவே உள்ளவை. அன்றைய வேலைகளைப் படிப்படியாகக் காட்டும் பட்டியல், இடைவேளை முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்னர் அதிரும் நினைவூட்டி, ஒரு வேலையைச் சரியாகச் செய்யும் முறையைப் பதிவு செய்த ஒரு நிமிடக் காணொளி ஆகியன அவற்றுட் சில. கொப்ளின் ரூல்ஸ் என்னும் தளம், "களஞ்சிய அறையைத் துப்புரவாக்கு" என்பது போன்ற பரந்த கட்டளையைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்துத் தருகின்றது. வந்த மின்னஞ்சல் கோபத்துடன் எழுதப்பட்டதா அல்லவா எனக் கூறும் பகுதியும் அதில் உண்டு. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இயங்குவதால் அதுவும் தவறக்கூடும். எனினும் மேலதிகாரியின் இரண்டு வரிக் கடிதத்தைப் படித்து இரவு முழுவதும் கலங்கும் ஒருவருக்கு அது பெருந்துணை.

பயணம் என்பதும் வேலையின் ஒரு பகுதியே. 2023 யூலை 24 அன்று மாலை ஸ்காபரோ தொடருந்தின் பெட்டியொன்று எல்ஸ்மியர் நிலையத்திற்கு அருகில் தடம் புரண்டது. 1985 முதல் ஓடிய அப்பாதை அதன் பின் திறக்கப்படவேயில்லை. பேருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன. மற்றவர்களுக்கு இது எரிச்சலூட்டும் தாமதம். ஆனால் ஒவ்வொரு நிலையத்தையும் வரிசையாக மனனம் செய்து, அதே பெட்டியில், அதே இருக்கையில் அமர்ந்து செல்வதால் மட்டுமே வேலைக்குப் போக முடிந்த ஒருவருக்கு ஒரே இரவில் பாதையே இல்லாமற் போவது எத்தகையது என எண்ணிப் பார்க்க வேண்டும். பேருந்து எங்கு வருகின்றது, எத்தனையாவது தரிப்பில் இறங்குவது என்பதைக் கைத்தொலைபேசியில் காட்டும் செயலிகள் இத்தகைய தருணத்தில் வேலையையே காப்பாற்றுகின்றன. அவற்றை நெருக்கடி வந்த பின்னர் கற்பிக்க முடியாது. அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில், வேலை இல்லாத நாளில், குடும்பத்தவர் ஒருவர் உடன் சென்று பழக்க வேண்டும்.

இதுவரை கூறியவை ஓட்டிசம் உடையவர் தனித்துப் பயன்படுத்தக்கூடியவை. நிறுவனத்தின் ஒத்துழைப்பைக் கோரும் கருவிகளும் உள்ளன. அமெரிக்காவில் 1983 முதல் இயங்கும் தொழிலிட வசதி வலையமைப்பு, அதாவது ஜான், தனது இணையத்தளத்தில் குறைபாட்டின் பெயராலோ அன்றாடச் சிரமத்தின் பெயராலோ தேடி, அதற்குப் பொருத்தமான வசதிகளை அறிந்துகொள்ள வழி செய்துள்ளது. ஒலி தாங்க முடியாதவருக்குக் காதடைப்பான், வாய்மொழிக் கட்டளை மறந்துபோபவருக்கு எழுத்து வடிவ அறிவுறுத்தல், திடீர் மாற்றங்களால் குழம்புபவருக்கு முதல் நாள் அறிவித்தல் என அப்பட்டியல் நீள்கின்றது. அத்தளம் கூறும் சட்டங்கள் அமெரிக்காவுக்கு உரியவை என்பதைப் பயன்படுத்துவோர் நினைவிற் கொள்ள வேண்டும். வசதிகளுக்கு எல்லை கிடையாது.

ஒன்ராறியோவின் சட்டம் இன்னும் தெளிவானது. மனித உரிமைக் கோவையின்படி மாற்றுத்திறனாளியான பணியாளருக்கு வேண்டிய வசதிகளை, மிகையான இடர் ஏற்படும் எல்லை வரை, செய்து கொடுப்பது தொழில் வழங்குநரின் கடமையாகும். 2005 ஆம் ஆண்டின் அணுகல்தகைமைச் சட்டத்தின் கீழான விதிகளின்படி, ஆட்சேர்ப்பின்போதே வசதிகள் கிடைக்கும் என்பதை விண்ணப்பதாரருக்கு நிறுவனங்கள் அறிவிக்க வேண்டும். அதாவது நேர்முகத் தேர்வின் கேள்விகளை எழுத்தில் தருமாறு கேட்பது சலுகை கோருதலாகாது. இவற்றினும் முக்கியமானதும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் அறியாததுமான விடயம் ஒன்றுண்டு. வசதி கேட்பவர் தமக்குள்ள நிலையின் மருத்துவப் பெயரை நிறுவனத்திடம் கூற வேண்டியது பொதுவாக அவசியமில்லை. எது சிரமம், எது தேவை என்பதைக் கூறினாற் போதும். தேவைப்படின் மருத்துவரின் கடிதமும் அவ்வளவையே கூறலாம்.

ஆனாலும் ஏதோ ஒன்றைக் கூறியே ஆக வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் கருவிகள் செயலற்றுப் போகும் இடம் இதுவே. திருமண வயதில் அக்காவோ தங்கையோ இருக்கும் வீட்டில், ஓட்டிசம் உடைய மகனைப் பற்றிய பேச்சு வரவேற்பறையைத் தாண்டுவதில்லை. கோவில் திருவிழாவிற்கும் பிறந்தநாள் விழாவிற்கும் அவன் வீட்டிலேயே விடப்படுகின்றான். இருபது ஆண்டுகளாக உறவினரிடம் மறைக்கப்பட்ட ஒன்றை, முன்பின் அறியாத மேலாளரிடம் அவன் எவ்வாறு எடுத்துரைப்பான்? பல இளையோருக்குத் தமக்குள்ள நிலையின் பெயர்கூட வீட்டில் சொல்லப்பட்டதில்லை. பெற்றோரைக் குறை கூறுவது எளிது. போரின் ஊடாகவும் அகதி விசாரணைகளின் ஊடாகவும் வந்தவர்கள் தமது பலவீனத்தை அந்நியர் முன் வைக்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. எனினும் அம்மறைப்பின் விலையைச் செலுத்துபவர் பெற்றோரல்லர், பிள்ளையே. எத்தனை சிறந்த மென்பொருளும் "எனக்கு இது தேவை" என்ற ஒரு வாக்கியத்தைப் பயனர் தாமாகவே கூற வேண்டிய இடத்தில் நின்றுவிடுகின்றது. ஜான் தளத்தில் வசதி கோரும் மாதிரிக் கடிதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றைத் திறந்து, அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு மாலைப் பொழுதில் எழுதிப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றோரைவிட இங்கு பிறந்து வளர்ந்த உடன்பிறப்புகளுக்கு இது இலகு. பெற்றோருக்குப் பின் இப்பொறுப்பு அவர்களிடமே வரப்போகின்றது என்பதால் அவர்களுக்கு இதில் உரிமையும் உண்டு.

டென்மார்க்கின் கதையும் இவ்விடத்தில் கூறப்பட வேண்டும். பெற்றோர் சிலர் அதனைப் பிழையாகப் புரிந்துகொண்டிருப்பதாலும் கூறப்பட வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனமொன்றில் பணியாற்றிய தோர்க்கில் சொன்ன என்பவர், தமது மகன் ஓட்டிசம் உடையவன் என அறிந்த பின்னர் 2004 ஆம் ஆண்டில் ஸ்பெஷலிஸ்ரேர்ன என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மென்பொருட் சோதனை போன்ற, நுணுக்கமான கவனம் வேண்டும் பணிகளுக்கு ஓட்டிசம் உடையோரை அது அமர்த்தியது. நேர்முகத் தேர்வுக்குப் பதிலாக லெகோ இயந்திரங்களைக் கட்டி இயக்கச் செய்து திறமையை அறிந்தது. டன்டலயன் என்னும் மஞ்சள் பூவே அதன் சின்னம். ரொறன்ரோவின் புல்வெளிகளில் மே மாதத்தில் களையெனப் பிடுங்கி எறியப்படும் அதே பூ வேறிடத்தில் மூலிகை. 2013 இல் எஸ்.ஏ.பி. நிறுவனம் அதனுடன் இணைந்து ஓட்டிசம் உடையோரை வேலைக்கு அமர்த்தும் திட்டத்தை அறிவித்தது; 2015 இல் மைக்ரோசொஃப்ற் பின்தொடர்ந்தது; கனடாவிலும் வங்கிகள் உட்பட நிறுவனங்கள் அவ்வழியில் ஆட்களைச் சேர்த்தன.

இக்கதையைக் கேட்ட சில பெற்றோர், மருத்துவர் அல்லது பொறியியலாளர் என்ற பழைய கனவை ஓட்டிசம் உடைய பிள்ளையின் மீதும் ஏற்றிவிடுகின்றனர். ஓட்டிசம் உடைய அனைவரும் கணினி வல்லுநர் என்ற எண்ணம் ஒரு மூடநம்பிக்கை. சிலர் நிரல் எழுதுவர். சிலர் நூலகத்தில் நூல்களை ஒழுங்கு செய்வர். சிலர் வெதுப்பகத்தில் அதிகாலையில் மாப் பிசைவர். சிலருக்கு வாரத்தில் ஆறு மணித்தியால வேலையே பெரிது. திரையின் முன் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கணினி வேலையே பொருந்தும் என முடிவு செய்வது, தொலைக்காட்சி பார்ப்பவரை நடிகராக்க முயல்வதற்கு ஒப்பானது.

ரொறன்ரோவில் ரிம் ஹோர்ட்டன்ஸ் கடைகள் பலவற்றை நடத்திய மார்க் வேஃபர் என்பவர் 1995 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளை முழுச் சம்பளத்துடன் வேலைக்கு அமர்த்தியவர். அவரே செவிப்புலன் குறைந்தவர். இதனைத் தருமம் என அவர் ஒருபோதும் கூறியதில்லை. ஆட்கள் அடிக்கடி விலகிச் செல்லும் அத்தொழிலில் தம் பணியாளர் நிலைத்து நின்றமையால் செலவு குறைந்தது என்பதே அவரது வாதம். அவரும் உறுப்பினராக இருந்த மத்திய அரசின் குழு 2013 சனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, மாற்றுத்திறனாளிப் பணியாளர்களில் 57 வீதத்தினருக்கு எவ்வித வசதியும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு தடவை செலவு தேவைப்பட்ட 37 வீதத்தினருக்குச் சராசரியாக 500 டொலரே செலவாகியது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மிசிசாகாவிலும் தமிழர் நடத்தும் மளிகைக் கடைகள், அச்சகங்கள், உணவகங்கள், கணக்காளர் அலுவலகங்கள் எத்தனையோ உள்ளன. கோவில் தேருக்கும் கலைவிழாவிற்கும் தாராளமாக வழங்கும் இவ்வணிகர்களில் எத்தனை பேரின் கடைகளில் ஓட்டிசம் உடைய ஒருவர் சம்பளத்திற்கு வேலை செய்கின்றார் என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். சம்பளத்திற்கு என்பதை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. "பொழுதுபோக்காக வந்து நிற்கட்டும்" என்பது வேலையாகாது.

சம்பளம் வந்தால் உதவிப் பணம் நின்றுவிடும் என்ற அச்சமும் பெற்றோரிடையே பரவலாக உண்டு. ஒன்ராறியோவின் மாற்றுத்திறனாளர் உதவித் திட்டமாகிய ஓ.டி.எஸ்.பி.யில் 2023 பெப்ரவரி முதல் மாதம் 1,000 டொலர் வரை உழைத்தாலும் கொடுப்பனவு குறைக்கப்படுவதில்லை. முன்னர் அவ்வெல்லை 200 டொலராக இருந்தது. 1,000 டொலருக்கு மேற்பட்ட தொகையில் 75 வீதம் கழிக்கப்படும். பழைய எல்லையை நினைவில் வைத்துக்கொண்டு பிள்ளையை வீட்டில் இருத்தியிருப்போர் இதனை அறிந்துகொள்ள வேண்டும். உழைத்த தொகையை மை பெனிஃபிற்ஸ் என்னும் அரச இணையத்தளத்தின் ஊடாகவே அறிவிக்கலாம். மாதந்தோறும் தாமாகவே அதனைச் செய்யப் பழகுவதும் தொழிற்பயிற்சியின் ஓர் அங்கம்.

இணையம் கதவைத் திறப்பது போலவே மூடவும் செய்கின்றது. மனிதர் எவரும் இல்லாமல் ஒளிப்படக் கருவியை நோக்கிப் பேசப் பணிக்கும் காணொளி நேர்முகத் தேர்வுகள் பெருகியுள்ளன. அத்தகைய சேவையை வழங்கும் ஹயர்வியூ நிறுவனம் விண்ணப்பதாரரின் முகபாவத்தையும் கணினியால் அளந்து வந்தது. கடும் எதிர்ப்பின் பின்னர் அதனைக் கைவிட்டதாக 2021 சனவரியில் அறிவித்தது. முகபாவம் வேறுபட்டிருப்பதையே இயல்பாகக் கொண்ட ஒருவருக்கு அந்த அளவுகோல் என்ன செய்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 25 பேருக்குக் குறையாத பணியாளரைக் கொண்ட நிறுவனங்கள், ஆட்சேர்ப்பில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதனை வேலை விளம்பரத்திலேயே குறிப்பிட வேண்டும் என 2024 இல் நிறைவேற்றப்பட்ட ஒன்ராறியோச் சட்டம் கூறுகின்றது. அதன் நடைமுறைத் திகதி 2026 சனவரி 1 ஆகும். அக்குறிப்பைக் காண்போர், மனிதர் ஒருவருடன் பேசும் வாய்ப்பைத் தமக்குரிய வசதியாகக் கேட்கலாம்.

தகவல் தொழில்நுட்பத் துறையில் பணிபுரியும் தமிழர் இந்நகரில் ஆயிரக்கணக்கில் உள்ளனர். சமூகத்திற்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று கூடும்போதெல்லாம் புதியதோர் இணையத்தளத்தை அமைக்கும் யோசனையே முதலில் எழுகின்றது. அமைப்பது இன்பமான வேலை. இரண்டாம் ஆண்டில் அதனைப் பேணுவதற்கு எவரும் இருப்பதில்லை. தேவையான கருவிகளிற் பெரும்பாலானவை ஏற்கெனவே உள்ளன, இலவசமாகவும் உள்ளன. இல்லாதது அருகில் அமர்ந்திருக்கும் ஒருவர். ரொறன்ரோ பொது நூலகத்தின் நூறு கிளைகளிலும் கணினிகள் உள்ளன. சனிக்கிழமை முற்பகல் இரண்டு மணித்தியாலத்தை ஓர் இளைஞனுக்கு ஒதுக்கினால் ஒரு குளிர்காலத்திற்குள் ஜொப்ரிப்ஸ் பாடங்களை முடித்து, சுயவிபரக் கோவை ஒன்றை எழுதி, பேருந்துப் பாதையையும் பழகிவிடலாம்.

இன்னும் பாடசாலையில் உள்ள பிள்ளைகளுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. ஒன்ராறியோவில் உயர்நிலைப் பாடசாலைப் பட்டயம் பெற 40 மணித்தியாலச் சமூகப்பணி கட்டாயம். பலர் அதனைக் கடைசி ஆண்டில் அவசரமாக நிரப்புகின்றனர். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கி, நான்கு வெவ்வேறு இடங்களில் பத்துப் பத்து மணித்தியாலமாகப் பிரித்துச் செய்தால், எந்த ஒலி தாங்க முடிகின்றது, எந்த வேலையில் மனம் நிலைக்கின்றது, எந்த நேரத்தில் சோர்வு வருகின்றது என்பன தெரிந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் கண்டதை நாட்குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். மேலாளரிடம் பின்னாளில் என்ன கேட்பது என்ற கடிதத்தின் முதற் படி அந்த நாட்குறிப்பிலேயே இருக்கும்.